செம்பூர்க் கீரைப் பாத்தி

பன்வேலில் துறைமுகப் பாதை ரயிலில் ஏறி அமர்ந்தால் ஒரு மணி நேரத்திற்குள் செம்பூர் வந்துவிடுகிறது. நேயர்களுள் பலர் இவ்வழியில் நாள்தோறும் போய் வருகிறவர்கள். காசியையும் பத்ரியையும் பற்றி அன்பர்கள் எழுதும் பக்கத்தில் இந்தச் சிறு பயணத்தை எழுதுவானேன் என்று அவர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும் இவ்வாண்டு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் இருவரும் அவ்வழியே சென்றது, ஒரு கீரைப் பாத்தியைக் கடைசி முறையாகப் பார்த்து வருவதற்காக. அந்தப் பாத்தி எங்களுக்குச் சோறு போட்டதில்லை. குழம்பும் கூட்டும் கொடுத்திருக்கிறது. வேறு சிலவற்றையும் கொடுத்தது. அதனால்தான் எழுதத் துணிந்தோம்.

செம்பூரில் நாங்கள் ஒன்பது ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்தோம். 1960களில் கட்டப்பட்ட கட்டடம். தரைத்தளமும் மூன்று மாடிகளுமாக இருபத்து நான்கு வீடுகள். 2022இல் பன்வேலுக்கு மாறி வந்துவிட்டோம். சென்ற மார்கழியில் பழைய கட்டடத்து மாமி தொலைபேசியில் அழைத்தார். "சித்திரைக்குள்ள எல்லாரும் காலி பண்ணணுமாம். இடிச்சுட்டு இருபது மாடி கட்டப் போறாளாம். முருங்கையையும் வெட்டிடுவா. போத்து வேணும்னா வந்து எடுத்துண்டு போங்கோ" என்றார். மும்பையில் பழைய கட்டடம் இடிபடுவது செய்தியே அன்று. முருங்கைப் போத்துக்காக ஒருவர் அழைப்பதுதான் செய்தி.

ரயில் வாஷியை நெருங்கும்போது எங்களை அறியாமலே இருவரும் சன்னல் பக்கம் திரும்பினோம். மும்பை மாநகரத்திற்கு வேண்டிய காய்கறியும் வெங்காயமும் தானியமும் வந்திறங்கும் மொத்தச் சந்தை இவ்வூரில்தான் இருக்கிறது. நாசிக், புணே முதலிய பகுதிகளிலிருந்து இரவெல்லாம் லாரிகள் வரும். விடிவதற்குள் காய்கள் நகரத்தின் மூலைமுடுக்குகளுக்குப் போய்விடும். 2020 மே மாதத்தில் நோய் பரவியதால் அந்தச் சந்தை ஒரு வார காலம் மூடப்பட்டது. அதே மாதத்தில் சென்னையில் கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டுக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் உண்ணும் காய்கறி ஒரே வாயில் வழியாக ஊருக்குள் நுழைகிறது என்பதை அந்த வாரம் வரையில் நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. கறிவேப்பிலை கொசுறாகக் கிடைக்கும் பொருள் என்றே நினைத்திருந்தோம்.

வாஷிக்கு அப்பால் தாணே கழி. நீர் வடிந்திருந்த சேற்றில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக நின்றிருந்தன. பெட்டியில் இருந்த சிறுவர்கள் ஆரவாரம் செய்தார்கள். பாலம் முடிந்ததும் மான்கூர்டு. இங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டியும், நகரத்தின் மற்ற ரயில் பாதைகளின் ஓரங்களிலும், சதுரம் சதுரமாகப் பசுமை தென்படும். பசலை, வெந்தயம், முள்ளங்கி, வெண்டை. ரயில்வே தன் ஊழியர்களுக்கு 'அதிக உணவு பயிரிடு' என்னும் திட்டத்தின்கீழ் காலி நிலத்தைப் பயிர் செய்யக் கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அந்தப் பெயர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. பர்மா அரிசி வருவது நின்று போய் நாடு தவித்த 1942, 43ஆம் ஆண்டுகளில் எழுந்த முழக்கம் அது. பம்பாயில் உணவுப் பங்கீடு தொடங்கியதும் 1943இல்தான். அக்காலத்து முழக்கம் தண்டவாளத்து ஓரத்தில் கீரையாக இன்னும் தழைத்திருப்பது விந்தையே. சில இடங்களில் சாக்கடை நீரைப் பாய்ச்சுகிறார்கள் என்ற குறையும் நெடுநாளாக உண்டு. ஆகையால் அந்தக் கீரையைப் பார்த்து மகிழ்வோமே தவிர, வாங்கத் தயங்குவோம்.

அடுத்தது கோவண்டி. அருகில் தேவனார் குப்பை மேடு. 1927ஆம் ஆண்டு முதல் நகரத்தின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வருகிறது. நம் வீட்டுக் காய்த்தோலும், தேயிலைச் சக்கையும், வாழைப்பழத் தோலும் சென்று சேர்ந்த மலை அது. அதற்கு அடுத்த நிலையம் செம்பூர்.

செம்பூரைப் பற்றி அதிகம் விவரிக்க வேண்டுவதில்லை. நாடு பிரிவினையுற்றபோது சிந்து மாகாணத்திலிருந்து வந்த அகதிகளுக்கு இங்கே முகாம் அமைத்தார்கள். அதன் பின்னர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும், உரத் தொழிற்சாலையும், டிராம்பேயில் அணுசக்தி நிலையமும் வந்தன. அவற்றில் வேலைக்கு வந்த தமிழர்கள் மாதுங்காவில் இடமின்றி இங்கே குடியேறினார்கள். மாதுங்கா உண்டானதற்கே ஒரு கொள்ளைநோய் காரணம் என்பதை இளைஞர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். 1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது; நெருக்கடியான தெருக்களை இடித்துக் காற்றும் வெளிச்சமும் உள்ள பேட்டைகளை அமைக்க 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது; தாதரும் மாதுங்காவும் அவ்வாறு திட்டமிடப்பட்டவை. தோட்டத்துக்கு இடம் விட்டுக் கட்டினார்கள். அந்தத் தோட்டங்களில் நடந்து பழகிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள்தாம் மற்றொரு நோய் வந்தபோது செம்பூரில் கட்டடத்தின் பின்புறத்தைக் கொத்திக்கொண்டிருந்தார்கள்.

2020 மார்ச் 22ஆம் தேதி இரவோடு மின்சார ரயில்கள் நின்றன. 25ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. ரயில் சத்தம் இல்லாத செம்பூரை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. நிலையத்தருகே கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் கதவைப் பாதி திறப்பார். வீட்டுக்கு ஐந்து கிலோ புழுங்கல் அரிசி, ஒரு கிலோ பருப்பு. அதற்கு மேல் கேட்டால், "பின்னால நிக்கிறவங்களுக்கும் வயிறு இருக்கு, சார்" என்பார். அரிசியும் பருப்பும் ஒருவாறு கிடைத்து வந்தன. பச்சைக் காய்தான் அரிதாயிற்று. கிடைத்த வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் வைத்தே இரண்டு வாரம் ஓடியது. மூன்றாம் வாரம் குழந்தைகள் தட்டைத் தள்ளினார்கள். பெரியவர்கள் தள்ளவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

கட்டடத்தின் பின்புறம் அறுபது அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் உள்ள ஒரு சந்து இருந்தது. உடைந்த தண்ணீர்த் தொட்டி, யாரும் உரிமை கொண்டாடாத இரண்டு ஸ்கூட்டர்கள், செங்கல் இடிபாடு, இவைதாம் அங்கே குடியிருந்தவை. அதைக் கொத்தலாம் என்று முதலில் சொன்னவர் மாமா. ரயில்வேயில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது எண்பத்தொரு வயது. அவர் கொத்தவில்லை. நாற்காலி போட்டு அமர்ந்து, ஒரு நீல அட்டை நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினார். கொத்தியவர்கள் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்த இளைஞர்கள். முதல் நாள் கைகளில் கொப்புளம். இரண்டாம் நாள் அவர்களுள் பாதிப்பேர் வரவில்லை.

மண் என்று சொல்லத்தக்க பொருள் அங்கே ஒரு சாண் ஆழம்கூட இல்லை. மும்பைத் துறைமுக ஊழியர் சமையற்கூடத்தின் மொட்டை மாடியில் கரும்புச் சக்கையையும் சமையற்கட்டுக் கழிவையும் கொண்டே தோட்டம் வளர்த்தார்கள் என்று எங்களுள் ஒருவர் படித்திருந்தார். ஆனால் ஊரடங்கில் கரும்புச்சாறுக் கடை ஏது? தூங்குமூஞ்சி மரத்துச் சருகு தெருவெங்கும் கிடந்தது, பெருக்குவாரும் குறைவு. அதை மூட்டை மூட்டையாக வாரி வந்தோம். சருகு ஓர் அடுக்கு, காய்த்தோல் ஓர் அடுக்கு, பழைய பூந்தொட்டி மண் ஓர் அடுக்கு; வெல்லம் கரைத்த புளித்த மோரை அதன்மேல் தெளித்தோம். நாற்பது நாளில் மக்கும் என்றார்கள். அறுபது நாள் ஆயிற்று. வீட்டுக்கொரு வாளி அரிசி கழுவிய கழுநீர். தேவனார் மலைக்குப் போக வேண்டியது பின்சந்திலேயே நின்றது. உரத் தொழிற்சாலைக்கு அண்டை வீட்டில் இருந்துகொண்டு சருகை மக்கவைத்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எருக்குழி மக்கும்வரை காத்திராமல் பழைய தொட்டிகளில் முதலில் வெந்தயம் விதைத்தோம். அஞ்சறைப் பெட்டிதான் விதைக்கடை. வெந்தயம் மூன்று நாளில் முளைக்கும். மும்பைக் கடைகளில் மணலில் வளர்த்த குட்டி வெந்தயக்கீரையைக் கட்டுக் கட்டாக விற்பார்களே, அந்தப் பருவத்தில் அறுப்பதானால் இரண்டு வாரம்கூட வேண்டாம். தனியாவைச் செருப்புக் காலால் உருட்டி இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். முழு விதையாகப் போட்டால் முளைப்பு தாமதம். முளைவிட்ட சேப்பங்கிழங்கைப் புதைத்தோம். புதினாக் கட்டில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை நட்டோம். தக்காளி தானாகவே முளைத்தது. எருவில் கிடந்த விதை. மாமி தம் பால்கனியில் வைத்திருந்த பசலைக் கொடியை இருபது துண்டாக நறுக்கிக் கொடுத்தார், அத்தனையும் பிடித்துக்கொண்டன. தண்டுக்கீரை விதை மட்டும் எவரிடமும் இல்லை.

அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டிலும் மாமி வீட்டிலும் இன்னும் மூன்று வீடுகளிலும் வேலை செய்தவர் மான்கூர்டில் இருந்து வரும் ஓர் அம்மாள். ஜால்னா மாவட்டத்து வறண்ட கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர். மராட்டியில் சித்தியை அழைக்கும் முறையில் அவரை 'மாவ்ஷி' என்றே எல்லோரும் அழைத்தோம். ஊரடங்கு தொடங்கியதும் வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது என்று கட்டடத்து வாயிலில் எழுதி ஒட்டினார்கள். மாவ்ஷியும் வெளியாள் ஆனார். ஏப்ரல் மாதச் சம்பளத்தை முழுவதும் கொடுத்தோம். மே மாதத்தில் எங்கள் அலுவலகத்தில் சம்பளத்தைக் குறைத்தார்கள். நாங்கள் மாவ்ஷிக்குப் பாதியாகக் குறைத்தோம். எங்களுக்குக் குறைந்தது நான்கில் ஒரு பங்கு. நாங்கள் குறைத்தது இரண்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை அன்று போட்டுப் பார்க்கவில்லை. நீல நோட்டில் ஒவ்வொரு கட்டுக் கீரைக்கும் கணக்கு எழுதிய கட்டடத்தில் இதற்குக் கணக்கு எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சம்பளத்தை வாங்க அவர் மான்கூர்டிலிருந்து நடந்தே வந்தார். கம்பிக் கதவுக்கு அப்பால் நின்று உறையை வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிறு துணிப் பொட்டலத்தைக் கம்பிகளுக்கிடையே நீட்டினார். "கீரை போடுகிறீர்களாமே, பாட்டி போனில் சொன்னாள். இது எங்கள் ஊர் மாட்டுக்கீரை. மணலோடு கலந்து தூவுங்கள், கெட்டியாகத் தூவாதீர்கள்" என்றார். மராட்டியர் 'மாட்' என்பது நம் தண்டுக்கீரையின் இனமே. கடுகில் பாதி அளவுள்ள கறுப்பு விதை. பளபளவென்று இருந்தது.

நாங்கள் கெட்டியாகத்தான் தூவினோம். ஆறாம் நாள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் முளைத்தது. எல்லோரும் புகைப்படம் எடுத்து ஊருக்கு அனுப்பினோம். பத்தாம் நாள் நாற்றுகள் நூல் போல் நீண்டு சரிந்தன. ஜூன் மழை வந்ததும் பாதி அழுகிப்போயிற்று. ஜூலையில் வேலைக்காரர்களை உள்ளே விடலாம் என்று தீர்மானித்த பிறகு மாவ்ஷி வந்து பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். குனிந்து அரை மணி நேரத்தில் நான்கு விரல் இடைவெளிக்கு ஒன்றாக விட்டு மற்றவற்றைப் பிடுங்கி எறிந்தார். எங்களுக்கு வயிறு எரிந்தது. பிடுங்கியதைக் குப்பையில் போடாதீர்கள், அதுவே இன்றைய பொரியல் என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனார். விட்டுவைத்த செடிகள் ஆகஸ்டில் முழங்கால் உயரம் வளர்ந்தன. வேரோடு பிடுங்காமல் கணுவுக்கு மேலே கிள்ளினால் மறுபடியும் தழைக்கும் என்பதும் அவர் கற்பித்ததே.

மாமிக்கு இதெல்லாம் புதிதன்று. 1965இல் கல்யாணமாகி இந்தக் கட்டடத்திற்கே வந்தவர். அவ்வாண்டுகளில் அரிசி பங்கீட்டுக் கடையில் அளந்து கொடுத்தது போதாது. அமெரிக்கக் கோதுமையும் மைலோ என்னும் சிவப்புச் சோளமும் வரும். சப்பாத்தி இடத் தெரியாத தமிழ்ப் பெண்களுக்கு மாடிப்படியில் அமர்ந்து கற்றுக்கொடுத்தவள் பக்கத்து வீட்டுச் சிந்திப் பெண். வாரம் ஒருவேளை உண்ணாதிருங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டதையும், திங்கட்கிழமை இரவில் அடுப்பு மூட்டாமல் இருந்ததையும் மாமி கூறுவார். "அப்போ உணவு மந்திரி நம்ம சி. சுப்பிரமணியம். அவர் தன் டில்லி பங்களாப் புல்வெளியைக் கொத்திக் கோதுமை போட்டாராம். மாமா அதைப் படிச்சுட்டு இந்தப் பின்சந்துல நாலு வெண்டை போட்டார். அப்புறம் அரிசி வந்துது, வெண்டையை மறந்துட்டோம்" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தோட்டம் போட்டால் பஞ்சம் பறந்துவிடும் என்று அந்நாட்களில் பலர் பேசினார்கள். எங்கள் நோட்டுப் புத்தகம் அப்படிச் சொல்லவில்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு முந்நூறு கிராம் காய்கறி, அதில் ஐம்பது கிராம் கீரை வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011இல் கூறியிருக்கிறது. இருபத்து நான்கு வீடுகளுக்கு ஏறத்தாழ நூறு பேர். கீரை மட்டும் நாளைக்கு ஐந்து கிலோ, மாதத்திற்கு நூற்றைம்பது கிலோ. எங்கள் பாத்தி மிக நன்றாக விளைந்த 2020 செப்டம்பரில் மாமா எழுதியிருக்கும் மொத்தம் நாற்பத்தொரு கிலோ. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இடம் முழுவதும் நெல் போட்டிருந்தால் என்ன ஆகும்? ஏக்கரில் அறுபதில் ஒரு பாகம் அது. ஏக்கருக்கு ஒன்றரை டன் விளைந்தாலும் இருபத்தைந்து கிலோ நெல். ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் காணாது. சோறு வயலிலிருந்தும் கிடங்கிலிருந்தும்தான் வரவேண்டும். பங்கீட்டு அட்டை உள்ளவர்களுக்கு 2020 ஏப்ரலிலிருந்து ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியத்தை மத்திய அரசு இலவசமாகக் கொடுத்ததே, எண்பது கோடிப் பேரை வாழவைத்தது அதுதான். தொட்டியில் வளர்ந்த வெந்தயமன்று.

ஆனால் அந்த அட்டை எந்த ஊரில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. அண்ணாச்சியின் மைத்துனர் தாராவியில் தோல் வேலை செய்துவந்தார். பத்தடிக்குப் பத்தடி அறை, ஐந்து பேர். தாராவியில் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டது 2020 ஏப்ரல் முதல் தேதி. தெருக்களை அடைத்தார்கள். அவருடைய பங்கீட்டு அட்டை திருநெல்வேலிச் சீமையில் தாயார் பெட்டியில் இருந்தது. எந்த மாநிலத்து அட்டையையும் எங்கும் காட்டித் தானியம் வாங்கும் திட்டத்தில் மகாராஷ்டிரம் முன்பே சேர்ந்திருந்தது. தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபரில். இடைப்பட்ட மாதங்களில் அவர் குடும்பம் பிறர் சமைத்துக் கொடுத்த பொட்டலத்தில் வாழ்ந்தது. அட்டை இல்லாத புலம்பெயர்ந்தோர்க்கும் இரண்டு மாதம் தானியம் தருவதாக மே மாத நடுவில் அறிவிப்பு வந்தபோது அவர் ஊருக்குப் போகும் ரயிலுக்குப் பெயர் எழுதிக்கொடுத்திருந்தார். அவரிடம் சென்று தொட்டியில் புதினா நடுங்கள் என்று யார் சொல்வது? சங்கத்தின் சார்பில் அரிசிப் பை கொண்டு போனவர்களிடம், பையின்மேல் வைக்கச் சொல்லி எங்கள் முதல் வெந்தயக் கட்டுகளுள் ஆறைக் கொடுத்தனுப்பினோம். ஆறே ஆறு.

நன்கு விளையத் தொடங்கியதும் பங்கு பற்றிய சண்டை வந்தது. வாரம் இரண்டு முறை வீட்டுக்கொரு கட்டு என்பது ஏற்பாடு. ஆகஸ்டு இறுதியில் மாடிப்படியில் முகமூடியுடன் கூடினோம். தண்ணீர் ஊற்ற வராத வீட்டுக்குப் பங்கு உண்டா, வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சமபங்கா என்றெல்லாம் பேசினார்கள். நாங்கள் வாடகைக்காரர்கள், வாய் திறக்கவில்லை. அப்போது மாமி, "விதை குடுத்தவ மாவ்ஷி. களை எடுத்தவளும் அவதான். அவளுக்கும் வாட்ச்மேனுக்கும் ஒரு கட்டு கிடையாதா?" என்றார். உறுப்பினர் அல்லாதவர்க்குக் கொடுத்தால் எங்கே போய் முடியும் என்றார் ஒருவர். அவர் கெட்டவர் அல்லர். மே மாதத்தில் கட்டடம் முழுவதற்கும் தம் செலவில் முகமூடி வாங்கியவர். கடைசியில், மிகுதி இருந்தால் கொடுக்கலாம் என்று தீர்மானம் எழுதினார்கள். மிகுதி ஒரு நாளும் இருந்ததில்லை. மாமி தம் கட்டை அப்படியே மாவ்ஷியிடம் கொடுத்துவிடுவார். நாங்களும் சில வாரம் கொடுத்தோம், பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், பிறகு மறந்துபோயிற்று. குறைத்த சம்பளத்தை மட்டும் அவ்வாண்டுத் தீபாவளியன்று கொடுத்துத் தீர்த்தோம். அப்போதும் எண்ணிப் பார்த்தே வாங்கிக்கொண்டார்.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தது. மாமாவை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள்; திரும்பி வரவில்லை. நீல நோட்டின் கடைசி வரி, 'வெந்தயம், 600 கிராம், 12-4-21' என்பது. அதற்குப்பின் எழுத யாரும் முன்வரவில்லை. மே 17ஆம் தேதி தவ்தே புயல் நகரத்தைக் கலக்கியது. எங்கள் பின்சந்தில் ஒன்றரை ஆள் உயரம் வளர்ந்திருந்த இளமுருங்கை அடியோடு முறிந்தது. யாரும் அப்புறப்படுத்தக்கூட இல்லை. சில நாள் கழித்து மாவ்ஷி அரிவாள்மணையாலேயே அதிலிருந்து மூன்றடிப் போத்து ஒன்றை அறுத்து, மேல்நுனியில் சாணத்துக்குப் பதில் களிமண்ணை அப்பி, சுவர் ஓரம் நட்டுவிட்டுப் போனாராம். நடுவதை நாங்கள் பார்க்கவில்லை.

அந்த மரம் இப்போது இரண்டாம் மாடி வரை உயர்ந்து நிற்கிறது. தையில் பூத்திருந்தது. அதன்கீழ் பாத்தி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. மற்ற இடத்தில் மோட்டார் சைக்கிள்கள். மாமி மட்டும் பசலையும் கொஞ்சம் தண்டுக்கீரையும் வளர்த்துவருகிறார். விதை அதே விதை. ஆண்டுதோறும் இரண்டு செடியைக் கிள்ளாமல் விட்டுக் கதிர் முற்றவைத்து எடுத்து, ஊறுகாய்ச் சீசாவில் போட்டுவைக்கிறார். இடித்துக் கட்டும்வரை தாணேயில் மகன் வீட்டில் இருக்கப் போகிறாராம். "மூணு வருஷம்னு சொல்றா. எனக்கு அந்த அவசரம் எல்லாம் இல்லை" என்று சிரித்தார். புதிய கட்டடத்தின் வரைபடத்தை வாயிலில் மாட்டியிருந்தார்கள். ஏழாம் தளம் வரை வண்டி நிறுத்துமிடம். அதற்கு மேலே நீச்சல் குளமும் புல்தரையும். காய்கறிப் பாத்திக்கு இடம் கேட்டார்களா என்று விசாரித்தோம். ஒருவர் கேட்டாராம், ஈரம் இறங்கும் என்று பொறியாளர் சொல்லிவிட்டாராம். கேட்டவர், அன்று மிகுதி இருந்தால் கொடுக்கலாம் என்று தீர்மானம் எழுதச் சொன்ன அதே அன்பர்.

வாட்ச்மேன் ஏறி நான்கு போத்துகள் வெட்டிக் கொடுத்தார். மணிக்கட்டுப் பருமன், மூன்றரை அடி நீளம். இரண்டை எங்களிடம் கொடுத்து, "ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணை மான்கூர்டுல இறங்கிக் குடுத்துட்டுப் போங்கோ. சொல்லி வச்சிருக்கேன்" என்றார் மாமி. சாக்கில் சுற்றிக்கொண்டோம். ரயிலில் எங்களைப் பார்த்தவர்கள் கொஞ்சம் தள்ளியே அமர்ந்தார்கள்.

மான்கூர்டு நடைமேடையில் மாவ்ஷி நின்றிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. இப்போது வீட்டு வேலைக்குப் போவதில்லை, முழங்கால் வலி. போத்தைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். எது மேல் எது அடி என்று நாங்கள் குறித்துக்கொள்ளவில்லை. கணுவைத் தடவிப் பார்த்து அடி இன்னது என்று நகத்தால் கீறிக் காட்டினார். எங்களுடையதிலும் கீறிக் கொடுத்தார். தம் வீட்டு வரிசைக் குழாயடியில் நடப்போவதாகச் சொன்னார். அங்கே எப்போதும் ஈரம் இருக்கும், எல்லாரும் பறித்துக்கொள்ளலாம். "நீங்கள் எங்கே நடுவீர்கள்?" என்று கேட்டார். ஒன்பதாம் மாடி, பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது என்றோம். டிரம்மிலா என்று சிரித்தார். இலை வரும், காய் வராவிட்டால் என்னைச் சொல்லாதீர்கள் என்றார். அதற்குள் பன்வேல் வண்டி வந்துவிட்டது.